டங்டுட்டும் டப்பாங்குத்தும்

(கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குரோம்பேட்டையிலிருந்து இங்கே வர எனக்கு மின்சார ரயிலில் இரண்டே நிறுத்தம். இன்று மாலை நான் ஏறிய பெட்டியில் பார்வையற்ற கணவனும் மனைவியும் பாடிக்கொண்டு வந்தார்கள். அவர் கழுத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, கையில் மைக். அந்த அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறார். மறு கையில் எவர்சில்வர் டப்பா. இளையராஜா பாட்டு. பல்லவி முடிந்து வயலின் வரவேண்டிய இடத்தில் வயலின் இல்லை. அவர் அதை வாயாலேயே பாடினார், ஒரு சுரம் பிசகவில்லை. வேலை முடிந்து வரும் ஒரு பெண் ஜன்னலில் தலை சாய்த்தபடி, கண்ணைத் திறக்காமலே, சரணத்தைக் கூடவே முணுமுணுத்தாள். சானடோரியம் நிலையம் வந்தது. இருவரும் இறங்கி அடுத்த பெட்டியைத் தேடிப் போய்விட்டார்கள்.

நான் பேச வந்தது இந்தோனேசியாவின் இன்றைய பாட்டையும் கேளிக்கையையும் பற்றி. ஆனால் அந்த ரயில் பெட்டியை மறந்துவிடாதீர்கள். இப்படி நடைபாதையில் பாடிப் பிழைத்த ஒருவரிடம் நாம் கடைசியில் போகப் போகிறோம்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்தத் தாம்பரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேங்கோஸ் வாசித்தவன் நான். பிறகு குடும்பத்துக்காகச் சிங்கப்பூர் போய்க் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை வந்தால் நம் ஆட்கள் எல்லாம் தேக்காவில் கூடுவோம். வீட்டு வேலைக்கு வந்த இந்தோனேசியப் பெண்கள் பாயா லேபார் பக்கம் சிட்டி பிளாசா என்ற கடைத்தொகுதியில் கூடுவார்கள். 2003ஆம் ஆண்டு ஒரு ஞாயிறு நான் அந்த வழியாக நடந்து போனேன். படிக்கட்டில் ஐந்தாறு பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு சின்ன சிடி பிளேயர். அதிலிருந்து வந்த தாளம் என் காலைப் பிடித்து நிறுத்திவிட்டது.

தபேலா. எனக்கு நன்றாகத் தெரிந்த தபேலா நடை. மேலே புல்லாங்குழல், ஒரு மாண்டலின். பழைய இந்திப் படப் பாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். பாஷை மட்டும் மலாய் மாதிரி இருந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "இது இந்தியா பாட்டுதானே?" என்று கேட்டேன். அவர்களில் மூத்தவள், கிழக்கு ஜாவாக்காரி, கையில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இல்லை அண்ணா. இது டங்டுட். எங்களுடையது" என்றாள்.

அவள் குரலில் இருந்த உறுதி எனக்கு இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் சொன்னதும் பொய்யில்லை. அவள் சொன்னதும் பொய்யில்லை. இன்று நான் உங்களிடம் சொல்ல விரும்புவது அவ்வளவுதான்: ஊரார் இரவல் என்றும் மட்டம் என்றும் ஒதுக்கிய ஒரு பாட்டை, ஒரு தேசத்து ஏழை ஜனங்கள் எப்படி "எங்களுடையது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும்படி ஆக்கிக்கொண்டார்கள் என்ற கதை.

இந்தோனேசியா நமக்கு அந்நியமான மண் இல்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' படித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். 1972இல் வெளிவந்த அந்த நாவலில் சுமத்ராவின் மெடான் நகரம் மதுரை போல, சிங்கம்புணரி போல உயிரோடு எழுந்து நடக்கும். அதே மெடானில் 1884இல் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் ஜனங்கள் வைத்த கோயில். அந்த நாட்டு மொழியில் கப்பலுக்கு 'கப்பால்' என்றும், கடைக்கு 'கெடை' என்றும், பெட்டிக்குப் 'பெத்தி' என்றும் பெயர். சரக்கோடு சொல்லும் போயிருக்கிறது. சொல்லோடு பாட்டும் போகாமல் இருக்குமா?

பாட்டு போனது சினிமா வழியாக. சிங்கப்பூரில் ஷா சகோதரர்கள் மலாய்ப் படம் எடுத்தபோது இயக்குநர்களை இந்தியாவிலிருந்து வரவழைத்தார்கள். அதற்கு முன்பே 1934இல் வந்த 'லைலா மஜ்னுன்' என்ற மலாய்ப் படமும் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் என்ற இந்தியர் எடுத்ததுதான். பி. ராம்லி என்ற மாபெரும் கலைஞனை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி' படம் 1950இல் வந்தது. இயக்கியவர் தென்னிந்தியரான எல். கிருஷ்ணன். படத்தின் பெயரைப் பாருங்கள், 'பக்தி'. ஜகார்த்தாவிலோ இந்திப் படங்கள் கொட்டகை கொட்டகையாக ஓடின. உள்ளூர்த் தயாரிப்பாளர்கள் தாக்குப்பிடிக்க முடியாமல் 1957இல் தங்கள் ஸ்டுடியோக்களை மூடிப் போராடும் அளவுக்கு ஓடின. பெரிய மனிதர்கள் ஹாலிவுட் படத்துக்குப் போனார்கள். ரிக்‌ஷாக்காரரும் துறைமுகக் கூலியும் சந்தையில் காய் விற்ற பெண்ணும் இந்திப் படத்துக்குப் போனார்கள். அந்தப் படப் பாட்டுகளை அங்கிருந்த 'ஓர்க்கெஸ் மெலாயு' என்ற மலாய் இசைக்குழுக்கள் கல்யாண வீட்டில் வாசித்தன. எல்யா காதாம் என்ற பாடகிக்கு 1950களில் பேர் வாங்கித் தந்த பாட்டின் தலைப்பே 'இந்தியாவிலிருந்து வந்த பொம்மை' என்று பொருள்படும்.

இங்கே கொஞ்சம் நிற்போம். தாளத்தைப் பற்றிப் பேசாமல் இதைத் தாண்ட என்னால் முடியாது.

தபேலாவில் இரண்டு வாத்தியம் இருக்கிறது. வலது கையில் சின்னது. இடது கையில் பெரியது. அதை நம் கச்சேரிக்காரர்கள் டக்கா என்போம். டக்காவில் விரலால் அடித்துவிட்டு உள்ளங்கையின் அடிப்பாகத்தைத் தோலின் மேல் அழுத்தித் தள்ளினால், அந்த ஒலி 'கும்' என்று கிளம்பி மேலே வளைந்து ஏறும். ஜாவாக்காரன் காதில் அது 'டுட்' என்று விழுந்தது. சின்ன வாத்தியத்தின் கணீர் ஒலி 'டங்' என்று விழுந்தது. நாலு தட்டு கொண்ட ஆவர்த்தத்தில் நாலாவது தட்டில் டங். அடுத்த ஆவர்த்தத்தின் முதல் தட்டில் டுட். இந்த மேஜையில் தட்டிக் காட்டுகிறேன், கேளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, டங். டுட், இரண்டு, மூன்று, டங். டுட்... பாருங்கள், முன்வரிசையில் அந்தப் பாப்பாவுக்குத் தோள் ஆடுகிறது. ஒரு ஆவர்த்தம் முடிவதற்குள் அடுத்ததற்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற தாளம் இது. உட்கார்ந்து கேட்க முடியாது.

1970களின் தொடக்கத்தில் படித்த வர்க்கத்து இளைஞர்கள் ராக் இசை கேட்டார்கள். அவர்களுக்கு இந்தத் தாளம் கேலியாக இருந்தது. 'டங்டுட், டங்டுட்' என்று வாயால் அடித்துப் பழித்தார்கள். ஒரு ராக் பாடகர் இதை நாயின் மலத்தோடு ஒப்பிட்டுப் பேசினார். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் இந்தப் பெயர். நம்மிடம் 'டப்பாங்குத்து' என்ற சொல்லை எந்த முகத்தோடு சொல்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். அந்தச் சொல்லிலும் தட்டுகிற ஓசை இருக்கிறது. சொல்கிறவரின் உதட்டுச் சுழிப்பும் இருக்கிறது. நான் பேங்கோஸ் வாசித்த நாளில் உறவுக்காரர் ஒருவர் என் அப்பாவிடம், "பையன் டப்பாங்குத்து அடிக்கிறானாமே" என்று விசாரித்தார். அப்பா அன்று சாப்பிடவில்லை.

அங்கே அந்த வசவுக்குப் பதில் சொல்ல ஒருவர் வந்தார். ரோமா இராமா. 1946இல் மேற்கு ஜாவாவில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் ஓமா இராமா. ஹஜ் போய் வந்தபின் 'ராடென்' என்ற குடிப்பட்டத்தின் முதல் எழுத்தையும் 'ஹாஜி' என்பதன் முதல் எழுத்தையும் முன்னால் சேர்த்து ரோமா ஆனார். 'சொனேதா' என்பது அவர் குழு. அவர் செய்த முதல் காரியம், கேலிப் பெயரையே எடுத்து ஒரு பாட்டுக்கு 'டங்டுட்' என்று தலைப்பு வைத்தது. பிற்பாடு அது 'தெராஜானா' என்ற பெயரில் ஊரெல்லாம் பரவியது. திட்டிய சொல்லை வாங்கிக் கொடியாக ஏற்றிவிட்டார்.

இரண்டாவது காரியம் இன்னும் பெரியது. 1975 டிசம்பரில் டீப் பர்பிள் என்ற ஆங்கில ராக் குழு ஜகார்த்தா வந்து பெரிய மைதானத்தில் வாசித்தது. ரோமா இராமா அந்தக் குழுவின் கிட்டார் வாசிப்பில் மயங்கியவர். தபேலாவைக் கைவிடாமல், அதன் மேல் அந்த மின்கிட்டாரின் உறுமலைக் கொண்டுவந்து ஏற்றினார். மேடை, விளக்கு, உடை எல்லாம் மாறியது. பாட்டின் பொருளும் மாறியது. ராத்திரி வீணாகக் கண்விழிப்பது, சூது, குடி, பணக்காரன் ஏழை வித்தியாசம் என்று புத்திமதி சொன்னார். தன் இசையை 'முஸ்லிமின் ஓசை' என்றே அழைத்தார். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், எம்.ஜி.ஆரையும் நாகூர் ஹனிபாவையும் ஒரே ஆளாக்கி, கையில் மின்கிட்டார் கொடுத்து நிறுத்தினால் எப்படி இருக்கும்? அவர்தான் ரோமா இராமா.

எம்.ஜி.ஆர். என்று சும்மா சொல்லவில்லை. நம் பரங்கிமலைத் தொகுதியில் 1967இலும் 1971இலும் எம்.ஜி.ஆர். ஜெயித்தார். பாட்டும் படமும் ஓட்டாக மாறுவதை நேரில் பார்த்த பூமி இது. 1977இல் அவர் இங்கே முதலமைச்சரானார். அதே 1977 தேர்தலில் அங்கே ரோமா இராமா, சுகார்த்தோ அரசின் கட்சிக்கு எதிராக இஸ்லாமியக் கட்சியான பி.பி.பி.க்குப் பிரசாரம் செய்தார். நாட்டில் இருந்த ஒரே தொலைக்காட்சி அரசுத் தொலைக்காட்சி. அதில் அவர் முகம் வருவதற்குத் தடை. அந்தத் தடை 11 ஆண்டு நீடித்தது. தடை இருந்த காலம் முழுக்க அவர் கேசட் டீக்கடைகளில் ஓடியது, அவர் படம் ஊர் ஊராக ஓடியது. தொலைக்காட்சிதான் 1988இல் இறங்கி வந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: 1990களில் அவரே அந்த அரசுக் கட்சியோடு போய்ச் சேர்ந்தார். அவரை நம்பிய பலருக்கு அது வலித்தது.

அதைவிட எனக்கு வலிப்பது 2003. நான் சிட்டி பிளாசா படியில் நின்ற அதே வருஷம். அந்தப் பெண்கள் வாயைத் திறந்தால் 'இனுல், இனுல்' என்பார்கள். இனுல் தரத்திஸ்தா, கிழக்கு ஜாவாவின் பசுருவான் பக்கத்துப் பெண். கிராமத்து மேடைகளில் பாடி ஆடிக்கொண்டிருந்தவர். அவர் இடுப்பைச் சுழற்றி ஆடும் ஆட்டத்துக்கு 'ஙெபோர்' என்று பேர். துளை போடுவது என்று அர்த்தம். யாரோ கல்யாண வீட்டில் எடுத்த வீடியோ திருட்டு விசிடியாகத் தீவு தீவாகப் போனது. ஒரு கம்பெனியும் விளம்பரம் செய்யவில்லை. தாம்பரம் மார்க்கெட் நடைபாதையில் பிளாஸ்டிக் உறையில் விசிடி அடுக்கி விற்ற காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அங்கேயும் அதே நடைபாதை, அதே உறை. ஜகார்த்தா தொலைக்காட்சிகள் அவரைத் தேடிப் பிடித்தன. கொஞ்ச நாளில் நாடு முழுவதும் அவர் பேச்சு.

அப்போது ரோமா இராமா எழுந்தார். இந்தப் பெண் டங்டுட்டின் மானத்தைக் கெடுக்கிறாள் என்று சாடினார். மதத் தலைவர்களில் ஒரு பகுதியும் சேர்ந்துகொண்டது. ஒரு காலத்தில் எந்தக் கேலியை எதிர்த்து அவர் நின்றாரோ, அதே கேலியை இப்போது இன்னொரு ஏழைப் பெண்ணின் மேல் அவரே வீசினார். இனுலுக்காகப் பேசியவர்களில் முக்கியமானவர் முன்னாள் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித். அவரும் பெரிய இஸ்லாமிய அறிஞர்தான். அந்தச் சண்டையின் சூடு ஆறாமல், 2008இல் வந்த ஆபாசத் தடைச் சட்டத்தின் விவாதங்கள் வரைக்கும் போனது.

அதே 2003 செப்டம்பரில் இங்கே 'திருடா திருடி' வந்தது. 'மன்மத ராசா' பாட்டு இந்த ஊரில் ஒலிக்காத தெரு உண்டா? ஆடி மாதம் கூழ் ஊற்றும் மேடைகளில் ஒரே ராத்திரியில் மூன்று தடவை பாடச் சொல்லி அடுத்த ஆண்டுகளில் சீட்டு வந்ததாக எங்கள் குழுவினர் எனக்கு எழுதினார்கள். அந்தப் பாட்டைப் பாடி ஆடிய மேடைப் பெண்களைப் பற்றி ஊரில் பேசிய பேச்சும் எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் பாடிய ஒரு தங்கை, கச்சேரி முடிந்து பின்னிரவில் ஆட்டோவில் போய் இறங்கும்போது தெருமுனையிலேயே இறங்கி நடந்து போவாள். ஆட்டோ சத்தம் கேட்டால் எதிர்வீட்டு விளக்கு எரியும் என்று பயம். பகலில் அவள் பாட்டைக் கைதட்டிக் கேட்ட வீடுதான் அது. பசுருவானும் நம் பம்மலும் இந்த விஷயத்தில் ஒரே ஊர்.

தொலைக்காட்சியைப் பற்றி நீட்டாமல் சொல்கிறேன். விஜய் டிவியில் தமிழ் பேசி வந்த அந்த மகாபாரதத் தொடர் 2014இல் ஜகார்த்தாவின் ஆன்டிவி அலைவரிசையில் இந்தோனேசிய மொழியில் ஓடிப் பெரும் வெற்றி பெற்றது. அர்ஜுனனாக நடித்த நடிகரை அங்கே அழைத்துப்போய் மேடையில் நிறுத்தினார்கள்; பெண்கள் அழுதார்கள். ராஜ் டிவியில் 'சிந்து பைரவி' என்று நம் வீட்டு அம்மாக்கள் பார்த்த 'உத்தரன்' தொடரையும் அவர்கள் விடவில்லை. அந்த ஊர்ச் சொந்த நெடுந்தொடர்களை வளர்த்தவர்களில் ஒருவரான ராம் பஞ்சாபி, சுரபாயாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர். சினிமாவில் இப்போது பேய்ப் படங்களின் காலம். 2019இல் ட்விட்டரில் ஒருவர் துண்டு துண்டாக எழுதிய பேய்க் கதை, 2022இல் 'நடனக்காரி கிராமத்தில் கே.கே.என்.' என்ற பொருளில் படமாகி, ஒரு கோடிப் பேர் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தார்கள். கே.கே.என். என்பது கல்லூரி மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கிச் செய்யும் சேவை, நம் என்.எஸ்.எஸ். முகாம் மாதிரி.

ஆனால் கடோத்கஜனை அப்படித் தாண்டிப்போக மாட்டேன். நமக்குக் கடோத்கஜன் என்றால் 1957இன் 'மாயா பஜார்', எஸ். வி. ரங்காராவ், கல்யாண விருந்து முழுவதையும் தின்று தீர்க்கும் சிரிப்பு. ஜாவாவில் அவன் காவியத் தலைவன். ககனத்தில் பறக்கும் வீரன். இரும்பு எலும்பு, கம்பி நரம்பு கொண்டவன். பாவைக்கூத்தில் அவன் வரும்போது விடியற்காலையிலும் குழந்தைகள் எழுந்து உட்காரும். 2022இல் அவனைச் சூப்பர் ஹீரோ ஆக்கிப் படமே எடுத்தார்கள். செல்போன் விளையாட்டில் அவன் ஒரு பாத்திரம். இதோ, நம் தலைக்கு மேல் விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானம் போகும் சத்தம் தாம்பரத்துக்காரர்களுக்குப் பழகிப்போனது. அந்த நாடு தானே வடிவமைத்த என்-250 விமானத்தின் முதல் பிரதி 1995 ஆகஸ்ட் 10ஆம் தேதி பண்டுங் நகரில் முதன்முதலாகப் பறந்தது. அதற்கு வைத்த பெயர் 'கடோத்கஜன்'. இடும்பியின் பிள்ளை. நம் கதைகளில் ஓரமாக நின்று தின்கிறவனை அவர்கள் வானத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டில் வந்த பொருளாதார நெருக்கடியில் அந்தத் திட்டம் முடங்கியது வேறு கதை.

இனி, அந்த ரயில் பெட்டிக்கு வருவோம்.

மத்திய ஜாவாவில் சோலோ என்ற ஊர். அங்கே 1966 டிசம்பர் கடைசி நாளில் பிறந்தவர் டிடி கெம்போட். 'கெம்போட்' என்பது குடும்பப் பெயர் கிடையாது. 'நடைபாதைப் பாடகர் குழு' என்று பொருள்படும் மூன்று சொற்களின் சுருக்கம். சோலோவிலும் ஜகார்த்தாவிலும் பஸ்ஸிலும் கடைவாசலிலும் கிட்டாரோடு பாடி, சில்லறை வாங்கிச் சாப்பிட்டவர். பிறகு இசைத்தட்டு, புகழ் எல்லாம் வந்தபோதும் அந்தப் பெயரைக் கழற்றிப் போடவில்லை. நம் ரயிலில் பாடும் தம்பதிக்கு நாளை ஒரு பெரிய வாழ்வு வந்து, அவர்கள் தங்களைப் 'பீச் – தாம்பரம் லோக்கல்' என்றே அழைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படி.

அவர் பாடியது ஜாவா மொழியில், தேசிய மொழியில் இல்லை. ஜாவாவின் பழைய கமலான் இசையும் டங்டுட்டும் கலந்த ஒரு நடை. அவர் எதைப் பாடினார் தெரியுமா? இடங்களை. 'பலாப்பான் நிலையம்' என்பது 1999இல் வந்த அவர் பாட்டு. பலாப்பான் சோலோவின் ரயில் நிலையம். வழியனுப்ப வந்தவன் நடைமேடையில் நிற்கிறான். கொஞ்ச நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி ரயிலேறியவள் வரவே இல்லை. அவ்வளவுதான் பாட்டு. இன்னொரு பாட்டு ஒரு பஸ் நிலையத்தைப் பற்றி. இன்னொன்று செமாராங் துறைமுகத்தைப் பற்றி. எல்லாம் மனிதர்கள் பிரியும் இடங்கள். வேலை தேடி வெளியூர் போகிற ஜனங்களின் தேசத்தில் காதல் முறிவது மனசினால் இல்லை, டிக்கெட்டினால். இந்த ஒரு உண்மையை அவர் கண்டுபிடித்தார்.

பெருங்களத்தூரை நினைத்துப் பாருங்கள். தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஜி.எஸ்.டி. சாலையில், கைக்குழந்தையோடும் துணிப்பையோடும் தென்மாவட்ட பஸ்ஸுக்கு நின்ற கூட்டம். எத்தனை வருஷம் நாம் எல்லோரும் அங்கே நின்றிருக்கிறோம். 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புது நிலையம் திறந்தபிறகு அந்தக் கூட்டம் அங்கே போய்விட்டது. பெருங்களத்தூர் சந்திப்பில் யாரையாவது ஏற்றிவிட்டு, பஸ்ஸின் பின்விளக்கு மறையும்வரை நின்றவர்கள் இந்த அவையில் கட்டாயம் இருப்பீர்கள். அந்த இடத்துக்கு ஒரு பாட்டு எழுதவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

2019இல் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஐம்பதைத் தாண்டிய டிடி கெம்போட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் கண்டெடுத்தார்கள். தங்களை 'அம்ப்யார் நண்பர்கள்' என்று சொல்லிக்கொண்டார்கள். அம்ப்யார் என்றால் சுக்குநூறாக உடைவது. நம் பிள்ளைகள் காதல் தோல்விப் பாட்டைச் 'சூப் பாட்டு' என்று சொல்லிக்கொண்ட மாதிரி. பழைய ஜாவா மொழிப் பாட்டைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கண்ணீரோடு, சிரிப்போடு, கூட்டமாகக் கத்திப் பாடினார்கள். 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கில் அவர் வீட்டிலிருந்தே தொலைக்காட்சியில் பாடி நிவாரண நிதி திரட்டிக் கொடுத்தார். மே 5ஆம் தேதி காலை இறந்துபோனார். வயது 53.

கச்சேரிக்காரனாக எனக்கு இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, 'ஓர்கென் துங்கால்'. ஒற்றை ஆர்கன் என்று அர்த்தம். முன்பு கல்யாணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட டங்டுட் குழு வரும். பிறகு கீபோர்டு ஒன்று போதும் என்று ஆனது. தபேலாவும் குழலும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டன. ஒரு வாசிப்பவர், இரண்டு பாடகிகள், முடிந்தது. இதைப் படித்தபோது நான் எங்கள் குழுவைப் படித்தேன். எங்களுக்கும் முதலில் ரிதம் பேட் வந்தது, டோலக்கும் பேங்கோஸும் போயின. பிறகு டிராக் வந்தது, கரோக்கி வந்தது, மீதிப் பேரும் போனார்கள். இரண்டு, அங்கே பாடும்போதே ரசிகர் மேடையேறிப் பாடகியின் கையில் பணம் கொடுக்கும் வழக்கம், 'சாவெரான்' என்பார்கள். இங்கே ஐம்பது ரூபாயை ஊக்கு வைத்துச் சட்டையில் குத்துவோம். அந்த ஊக்கு குத்தியபோது எங்கள் பாடகர் சுருதி தப்பாமல் சிரித்தபடியே பாடுவார். சட்டைக்கு அடியில் குத்துப்பட்டிருக்கும்.

இப்போது கிழக்கு ஜாவாவில் 'ஹோரெக்' என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. அதிர்வது என்று பொருள். லாரி உயரத்துக்கு ஸ்பீக்கரை அடுக்கி ஊர்வலம் விடுகிறார்கள்; வழியில் வீட்டுக் கண்ணாடி உடைகிறது. 2025 ஜூலையில் அந்த மாகாண உலமா சபை அளவு மீறிய ஹோரெக்குக்கு எதிராகத் தீர்ப்பே சொல்லவேண்டி வந்தது. எனக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. அங்கே வாசிக்கிற கை இல்லை, பாடுகிற தொண்டை இல்லை, சத்தம் மட்டும் இருக்கிறது. ஆடித் திருவிழாவில் நம் தெருக்களும் அந்தப் பக்கமாகத்தான் போகின்றன என்பது என் கவலை.

டங்டுட்டைப் பற்றி ஆண்ட்ரூ வைன்ட்ராப் என்ற அமெரிக்க இசை அறிஞர் 2010இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். பழைய பாடகர்களைத் தேடிப் போய்க் கேட்டு, யார் எந்தக் குழுவில் இருந்தார்கள், எந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகக் குறித்தார். நம்மிடம் ஏ. வி. ரமணனின் மியூசியானோவையும் காமேஷ் – ராஜாமணியையும் லஷ்மண் ஸ்ருதியையும் எல்லோருக்கும் தெரியும். பல்லாவரத்திலும் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் சேலையூரிலும் இருந்த சின்னக் குழுக்களை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? சினிமாப் பாட்டைக் கொட்டகையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து அம்மன் கோயில் வாசலில் வைத்தவர்கள் அவர்கள். என்னிடம் எங்கள் குழுவின் பாட்டு நோட்டு ஒன்று இருக்கிறது. 1986 என்று அட்டையில் எழுதியிருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் சுருதி, தாளம், யார் பாடுவது, எந்த ஊர் மேடை என்று பென்சிலில் குறிப்பு. மெழுகுவர்த்திச் சொட்டு விழுந்த பக்கங்கள்கூட உண்டு. கரண்ட் போன ராத்திரிகள் அவை. உங்கள் வீட்டுப் பரணில், உங்கள் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் இப்படி ஒரு நோட்டு கிடந்தால் தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். பெயர்களை எழுதிக்கொள்கிறேன்.

எங்கள் குழுவில் தபேலா வாசித்த அண்ணன் இன்று வந்திருக்கிறார். மூன்றாவது வரிசை, சுவர் ஓரம். நான் எத்தனை சொன்னாலும் அந்த 'டுட்' மேஜையில் வராது. அண்ணே, கொஞ்சம் மேலே வாங்க. பெட்டியை நான் பிரிக்கிறேன். முதலில் டக்காவை மட்டும் வாசியுங்கள், உள்ளங்கையை அழுத்தி மெதுவாக ஒரு நாலு ஆவர்த்தம். தம்பி, அந்த மைக்கைக் கீழே இறக்கு. இன்னும் கொஞ்சம். தோலுக்குப் பக்கத்தில்.